சிப்பியில் துளையிட்டது யார்?

கொங்கு நாட்டுக்குக் கடற்கரை இல்லை. ஆனால் கடல் நத்தையோடு அதற்கு உள்ள உறவு இரண்டாயிரம் ஆண்டுப் பழமை கொண்டது. சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் இருக்கிறது கொடுமணல். 1985இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே தொடங்கிய அகழாய்வைப் பின்னாளில் புதுவைப் பல்கலைக்கழகமும் தமிழ்நாடு தொல்லியல் துறையும் தொடர்ந்தன. கல்மணிகள், இரும்பு உலைகள், தமிழி எழுத்து பொறித்த பானை ஓடுகள் ஆகியவற்றுக்கு நடுவே சங்கு வளையல்களும், வளையல் அறுத்தபின் மீந்த சங்குத் துண்டுகளும் அங்கே கிடைத்தன. நொய்யலில் சங்கு விளையாது. மன்னார் வளைகுடாவோ அங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது.

அந்தச் சங்குக்குள் வாழும் உயிர் ஊன் தின்னி. கடலடி மணலுக்குள் ஒளிந்திருக்கும் புழுக்களைத் தேடிப் பிடித்துத் தின்று வளர்கிறது. நத்தை என்றால் இலையை மெல்லக் கறம்பும் சாதுப் பிராணி என்று தோட்டத்தில் பழகிய கண்ணுக்கு இது புதிதாகத் தெரியலாம். கடலில் வேட்டையாடும் நத்தைகள் ஏராளம். அவற்றில் சிறியதும், கரையில் எளிதாகத் தடயம் காட்டுவதுமான ஒன்றை அடையாளம் காண்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை. அதன் பெயர் நிலா நத்தை. அறிவியலார் வைத்த குடும்பப் பெயர் நேட்டிசிடே.

ராமேஸ்வரத்துக்கோ திருச்செந்தூருக்கோ போய்த் திரும்பும் கொங்குக் குடும்பங்களின் பையில் கரையில் பொறுக்கிய சிப்பிகள் சில இருக்கும். அவற்றில் ஒன்றிரண்டில், இரு ஓடுகளும் சேரும் கீலுக்கு அருகே, வட்டம் பிசகாத சிறு துளை காணப்படும். மாலை கோக்க வசதியாக இருக்கிறது என்று குழந்தைகள் தேடி எடுப்பதும் அதைத்தான். அந்தத் துளை தானாக விழுந்ததல்ல. அந்தச் சிப்பியைக் கொன்ற நத்தை போட்டது.

வழக்கமாக ஓட்டின் படத்தை வைத்துக்கொண்டுதான் பெயர் தேடுகிறார்கள். அந்த வழி பலரைத் தவறான பெயரில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஒரே இனத்துக்குள் நிறம் மாறும். வெயிலில் கிடந்த ஓடு வெளுத்துப்போகும், அலையில் புரண்ட ஓட்டில் கோடுகள் அழியும். நிலா நத்தையைப் பொறுத்தவரை முதலில் துளையையும் அடுத்து இடத்தையும் பார்த்துவிட்டு, கடைசியில் ஓட்டுக்கு வருவதே சரியான வரிசை.

துளை சொல்லும் செய்தி

கோவையின் கணபதியிலும் பீளமேட்டிலும் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தத் துளையை விளக்கவே வேண்டாம். ஸ்க்ரூவின் தலை உள்ளே அமர்வதற்குக் கவுண்டர்சிங்க் அடித்த துளை எப்படி இருக்குமோ, அப்படியே இருக்கும். வெளிப்பக்கம் அகலம், உள்பக்கம் குறுகல், நடுவே சரிந்து இறங்கும் வழவழப்பான சுவர். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று இருந்தால் அந்தச் சரிவைத் தெளிவாகப் பார்க்கலாம். துளையின் அகலம் பெரும்பாலும் ஒன்று முதல் ஐந்து மில்லிமீட்டருக்குள் இருக்கும்.

நத்தை இதைச் செய்யும் விதம் பொறுமையானது. மணலுக்குள் ஊர்ந்து போய் மட்டியைக் கண்டுபிடிக்கும். தன் அகன்ற பாதத்தால் அதைச் சுற்றி மூடி, அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும். உறிஞ்சுகுழலின் நுனியில் இருக்கும் ஒரு சிறு உறுப்பு அமிலம் கலந்த சுரப்பை ஓட்டின்மேல் பூசி, சுண்ணாம்பை இளக்கும். பிறகு பல்வரிசை கொண்ட அரநாக்கு அந்த இடத்தைச் சுரண்டும். மறுபடி சுரப்பு, மறுபடி சுரண்டல். அமெரிக்க உயிரியலாளர் மெல்பர்ன் கேரிக்கர் பல்லாண்டு ஆராய்ந்து விளக்கிய வேலைமுறை இது. இப்படி நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் ஆழம்தான் போகும். தடித்த ஓடு என்றால் நாட்கணக்கில் ஆகும். துளை முடிந்ததும் குழலை உள்ளே விட்டுச் சதையைத் தின்றுவிடும். சிப்பியின் இரு ஓடுகளும் உடையாமல் அப்படியே மிஞ்சும்.

சில சிப்பிகளில் துளை பாதியில் நின்றிருக்கும். நத்தையை வேறு ஏதோ கலைத்திருக்கலாம், இரை நழுவியிருக்கலாம். இந்த அரைகுறைத் துளையைக் கண்டால் விட்டுவிடக் கூடாது, அடையாளம் காண இதைவிட நல்ல சான்று கிடையாது. லென்ஸை வைத்துப் பார்த்தால் பள்ளத்தின் அடியில் நட்டநடுவே ஒரு சிறு மேடு எழுந்து நிற்கும். நிலா நத்தை சுரண்டும்போது நடுப்பகுதி பின்தங்கிப்போவதால் உண்டாகும் மேடு அது.

எல்லாத் துளையும் நிலா நத்தையின் வேலை அல்ல. துறைமுகக் கற்களிலும் பாறைகளிலும் ஒட்டி வாழும் முள்சங்குக் குடும்பத்து நத்தைகளும் துளை போடும். மியூரிசிடே என்னும் அந்தக் குடும்பத்துக்குச் சுரப்பு உறுப்பு உள்ளங்காலில் இருக்கிறது. அது போடும் துளையின் சுவர் பெரும்பாலும் செங்குத்தாக இறங்கும், மேலும் கீழும் அகலம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். இரையும் வேறு. பாறையில் ஒட்டிய ஆளியிலும் கொட்டலசிலும் முள்சங்குக் கூட்டம் துளையிடும். மணலில் புதைந்து வாழும் மட்டியில் சரிவான துளை இருந்தால் நிலா நத்தையைச் சந்தேகிக்கலாம். ஒரே ஓட்டில் சல்லடையாகப் பல பொடித் துளைகள் தெரிந்தால் அது ஓட்டைக் குடையும் கடற்பஞ்சின் வேலை. ஆக்டோபஸ் போடும் துளை மிகச் சிறியது, ஒழுங்கான வட்டமாகவும் இராது.

புதிதாகப் பழகுபவர்களை அதிகம் ஏமாற்றுவது அலைதான். மட்டி ஓட்டில் கீலுக்கு மேலே புடைத்திருக்கும் முனை, மணலில் உரசி உரசித் தேய்ந்து ஓட்டையாகிவிடும். அங்கே ஓடு மெலிந்து பளபளக்கும், விளிம்பு கோணல்மாணலாக இருக்கும், சரிவான சுவர் இருக்காது. இந்த வேறுபாடு ஒருமுறை கண்ணில் பதிந்துவிட்டால் பிறகு மறக்காது.

எங்கே, எப்போது தேடுவது

நிலா நத்தை மணல்வாசி. பாறையில் தேடினால் கிடைக்காது. அலை ஓங்கி அடிக்கும் சரிவான கரையைவிட, தட்டையாக நீண்டு, கடல் வற்றும்போது ஈரமாக வெளிப்படும் மணல் திட்டுகளே அதற்கு உகந்தவை. மட்டி நிறைய விளையும் இடத்தில் அதுவும் இருக்கும்.

கொங்குப் பயணிகளுக்கு இதில் ஒரு வசதி தானாக அமைந்திருக்கிறது. தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும்தான் இங்கிருந்து ராமேஸ்வரத்துக்குக் கூட்டம் போகிறது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில்தான் கடல் அதிகமாக ஏறி அதிகமாக வற்றும். மன்னார் வளைகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் வெளிப்படும் மணல் அகலம் குறைவுதான். ஆகவே நேரம் தவறக் கூடாது. நாளுக்கு இரண்டு முறை கடல் வற்றும். அந்த நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். உள்ளூர் மீனவர்களைக் கேட்டால் அன்றைய நேரத்தைச் சரியாகச் சொல்லிவிடுவார்கள்.

ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்தின் நெரிசலில் தேடிப் பயனில்லை. தனுஷ்கோடிச் சாலைக்குப் போக வேண்டும். 1964 டிசம்பர் புயல் அழித்த ஊருக்கு அப்பால், அரிச்சல்முனை வரை இரு கடல்களும் இரு பக்கமும் கூடவே வரும். வடக்கே பாக் விரிகுடா. பெரும்பாலும் அமைதியானது, அடியில் சேறு கலந்த மணலும் கடற்புல்லும் உண்டு. தெற்கே மன்னார் வளைகுடா. அலையும் ஆழமும் கூடுதல், மணல் சுத்தமானது. சில நூறு மீட்டர் இடைவெளியில் இரண்டு வேறு வாழிடங்கள் கிடைக்கும் இடம் தமிழ்நாட்டில் இதைப் போல் மற்றொன்று சொல்வது கடினம். வடகரையில் பொறுக்கியதையும் தென்கரையில் பொறுக்கியதையும் ஒரே பையில் போட்டுக் கலந்துவிட்டால் பாதி விவரம் தொலைந்துபோகும்.

மேற்கே போகிறவர்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அரபிக்கடல் இன்னும் பக்கம். பொள்ளாச்சிக்குத் தெற்கே இறங்கும் ஆழியாற்றுத் தண்ணீர் பாரதப்புழையில் சேர்ந்து பொன்னானியில்தான் கடலைத் தொடுகிறது. அந்த முகத்துவாரத்தை ஒட்டிய சேற்றுமணல், துளையிட்ட சிப்பி தேட நல்ல இடம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அந்தக் கடலில் இறங்கக் கூடாது. மழை ஓய்ந்த பிறகு, புயலும் அலையும் ஒதுக்கிவிட்டுப்போன ஓடுகள் கரையில் வரிசைகட்டிக் கிடக்கும். கிழக்குக் கரைக்கு அதே போன்ற காலம் வடகிழக்குப் பருவமழைக்குப் பிந்தைய டிசம்பர் இறுதியும் ஜனவரியும்.

உயிருள்ள நத்தையைப் பார்க்க விரும்பினால் தடத்தைத் தேட வேண்டும். ஈரமணலில் உழுதாற்போல ஒரு கோடு வளைந்து வளைந்து போய், ஒரு சிறு மேட்டில் முடியும். மேட்டுக்கு அடியில் நத்தை இருக்கும். வெளியே வந்திருக்கும் நிலா நத்தையின் பாதம் கடல்நீரை உள்ளிழுத்துப் பெருத்திருப்பதால், ஓட்டையே முக்கால்வாசி மூடியிருக்கும். தொட்டால் நீரைப் பீய்ச்சிவிட்டுப் பாதத்தை மெல்லச் சுருக்கும். இவ்வளவு பெரிய உடல் இந்தச் சிறிய ஓட்டுக்குள் எப்படி அடங்கியது என்று யாருக்கும் வியப்பாக இருக்கும்.

இன்னொரு தடயமும் உண்டு. மணலால் செய்த, கழுத்துப்பட்டை வடிவிலான, ஒரு பக்கம் திறந்த வளையம் கரையோரம் கிடக்கும். ஈரமாக இருக்கையில் வளையும், காய்ந்தால் பொடியும். கிழிந்த ரப்பர் துண்டு என்று பலர் ஒதுக்கிவிட்டுப் போகிறார்கள். அது நிலா நத்தையின் முட்டைத்தொகுதி. சளியால் மணலை ஒட்டவைத்து, அதன் நடுவே முட்டைகளை இட்டிருக்கும். இந்த வளையத்தைப் பார்த்தால், நத்தை கண்ணில் படாவிட்டாலும் அந்தக் கடலடியில் அது இனப்பெருக்கம் செய்கிறது என்று உறுதியாக எழுதிக்கொள்ளலாம்.

ஓட்டைக் கையில் எடுத்தால்

சுருள் முனை மேலே இருக்க, வாய் தன்னைப் பார்க்க ஓட்டைப் பிடிக்க வேண்டும். வாய் வலப்பக்கம் விழும். கடல் நத்தைகளில் பெரும்பான்மை அப்படித்தான். கோயில்களிலும் வீடுகளிலும் போற்றும் அரிய வலம்புரிச் சங்கை இப்படிப் பிடித்தால் மட்டும் வாய் இடப்பக்கம் விழும்.

நிலா நத்தையின் ஓடு உருண்டையானது. கடைசிச் சுற்று மிகப் பெரிதாக உப்பியிருக்கும், மற்றச் சுற்றுகள் மேலே ஒரு சிறு குமிழாக ஒடுங்கிவிடும். முள், வரம்பு, முடிச்சு எதுவும் இல்லாத வழுவழுப்பு. வாய் அரைவட்டம். வாயின் அடிவிளிம்பில் வெட்டோ குழாயோ இருக்காது. இது முக்கியமான குறி. முள்சங்கு, பேபிலோனியா முதலிய ஊன் தின்னும் நத்தைகள் பலவற்றுக்கு அடியில் நீர் இழுக்கும் குழலுக்கான வெட்டு இருக்கும்.

வாயின் இடப்பக்கம் தொப்புள்குழி இருக்கும். இனத்தை உறுதி செய்வது இந்தக் குழிதான். அது திறந்திருக்கிறதா, பாதி அடைத்திருக்கிறதா, தடிப்பு ஏறி முழுக்க மூடியிருக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும். ஓட்டின் வாயை அடைக்கும் மூடி கிடைத்தால் இன்னும் நல்லது. நேட்டிகா வகைகளுக்கு மூடி சுண்ணாம்பால் ஆனது, கெட்டியாக வெளுத்திருக்கும். பாலினைசஸ், நெவெரிட்டா வகைகளுக்கு அது பழுப்பு நிறத்தில் நகம்போன்ற பொருளால் ஆனது, வளையும்.

நம் கரைகளில் எதிர்ப்படக்கூடிய சிலவற்றைச் சொல்லலாம். வெண்மையான ஓட்டில் பழுப்புப் புள்ளிகள் வரிசை வரிசையாக ஓடினால் நேட்டிகா டைக்ரினா. மூன்று சென்டிமீட்டர் அளவில், சேற்றுமணலிலும் முகத்துவாரங்களிலும் வாழ்வது. மெல்லிய செம்பழுப்புக் கோடுகள் மேலிருந்து கீழாக நெளிந்து இறங்கினால் டேனியா லினியேட்டா. ஆரஞ்சு கலந்த பழுப்பில் வெளிர்பட்டைகள் இருந்தால் நேட்டிகா விடெல்லஸ். புள்ளியோ கோடோ இல்லாமல் தூய வெள்ளையாக, சற்றே நீண்டு, தொப்புள்குழி முழுக்க அடைபட்டுப் பளபளத்தால் பாலினைசஸ் மாமில்லா. பவளத்திட்டுகளை ஒட்டிய சுத்தமான மணல் அதன் இடம். உயரத்தைவிட அகலம் மிகுந்து, ஐந்து சென்டிமீட்டருக்கும் மேல் வளர்ந்து, தொப்புளை அடைத்த பழுப்புத் தடிப்பின் நடுவே ஒரு பள்ளக்கோடு ஓடினால் நெவெரிட்டா டிடிமா. பழைய நூல்களில் இவற்றில் பல நேட்டிகா என்ற ஒரே பெயரின்கீழ் இருக்கும். சென்னை அருங்காட்சியகத்துக்காக கிரேவ்லி 1942இல் சென்னைக் கடற்கரை நத்தைகளைப் பற்றியும், சத்தியமூர்த்தி 1952இல் குருசடைத் தீவின் நத்தைகளைப் பற்றியும் எழுதியவை இன்றும் பயன்படும் நூல்கள். பெயர்களை மட்டும் இன்றைய வழக்கோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

ஓட்டைப் பிடித்துப் பார்க்கும் பழக்கத்தை உள்ளூரிலேயே தொடங்கலாம். சூலூர், சிங்காநல்லூர் போன்ற குளங்களின் கரையில் கிடக்கும் குளத்து நத்தை ஓடும் உருண்டையானதுதான். பைலா என்னும் அந்த நத்தை நீர்த்தாவரம் தின்பது. ஓடு மெலிது, பச்சை கலந்த பழுப்புத் தோல் போர்த்தியது, நிலா நத்தையின் பளபளப்பும் தொப்புள் தடிப்பும் அதற்கு இல்லை. ஆற்று வெள்ளம் இந்த ஓடுகளைக் கடற்கரை வரை கொண்டுபோய்ப் போடுவதுண்டு. முகத்துவாரத்தருகே கிடக்கும் உருண்டை ஓட்டை எல்லாம் நிலா நத்தை என்று எழுதிவிடக் கூடாது.

ஏமாற்றும் மற்றவற்றில் முதலிடம் பொத்தான் நத்தைக்கு. அம்போனியம் என்ற பெயருடையது. ஒரு சென்டிமீட்டர் அளவில் தட்டையாக, பளபளவென்று, பல நிறங்களில் கரையில் குவியலாகக் கிடக்கும். அது யாரையும் வேட்டையாடுவதில்லை, நீரை வடித்து உண்பது. பாறையில் ஒட்டிய நெரிட்டாவும் உருண்டைதான், ஆனால் வாயின் உள்விளிம்பில் பற்கள் தெரியும். ஊதா நிறத்தில், விரல் பட்டால் நொறுங்கும் அளவு மெலிதாக இருந்தால் அது ஜான்தினா. நடுக்கடலில் நுரைக்குமிழ்த் தெப்பம் கட்டி மிதந்தபடி, மிதக்கும் சொறிமீன் இனங்களைத் தின்னும் மற்றொரு வேட்டை நத்தை.

நிலா நத்தையின் ஓட்டிலேயே சரிவான துளை இருப்பதைக் கண்டால் குழம்ப வேண்டாம். அது தன் இனத்தையும் துளைத்துத் தின்னும்.

தொடக் கூடாதது, எடுக்கக் கூடாதது

கூம்பு வடிவ ஓட்டைக் கையில் எடுக்கவே கூடாது. கூம்பு நத்தைகள் மன்னார் வளைகுடாவிலும் உண்டு. நஞ்சு நிறைந்த அம்புப்பல்லால் குத்துபவை. புவிவரைபடக் கூம்பு எனப்படும் கோனஸ் ஜியோகிராஃபஸ் குத்தி மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். வேறொரு கூம்பு நத்தையின் நஞ்சைப் படியாக வைத்து உருவாக்கிய ஜிகோனோடைடு என்ற வலிநிவாரணிக்கு 2004இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இத்தனை வீரியம் கொண்ட நஞ்சைக் குழந்தையின் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வரலாமா? ஓடு வெறுமையாகத் தெரிந்தாலும் எடுக்க வேண்டாம்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அனுமதியில்லாமல் அங்கே இறங்குவதும் எதையும் எடுப்பதும் குற்றம். 2001இல் சில சங்கு, சோழி இனங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல்களில் சேர்க்கப்பட்டன. கரைக் கடைகளில் விற்கும் ஓடுகளை வாங்காமல் இருப்பதே நல்லது. சட்டச் சிக்கல் ஒருபுறம் இருக்கட்டும். எந்தக் கடலில், எந்த ஆழத்தில் எடுத்தது என்று தெரியாத, அமிலத்தில் கழுவி மெருகேற்றிய ஓடு அடையாளம் காண உதவாது.

நிலா நத்தையைப் பதிவு செய்ய ஓட்டை வீட்டுக்குக் கொண்டுவரத் தேவையில்லை. ஓர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்து வாய்ப்பக்கம், முதுகுப்பக்கம், சுருள் முனை, தொப்புள்குழி, மூடி ஆகியவற்றைச் செல்பேசியில் படம் எடுத்தால் போதும். பக்கத்தில் துளையிட்ட சிப்பி கிடந்தால் அதையும் சேர்த்து எடுக்க வேண்டும். ஊர், தேதி, மணலா சேறா, வற்றிய நேரமா என்ற விவரங்களை அங்கேயே எழுதிவிட வேண்டும், ஊர் திரும்பிய பின் நினைவு ஏமாற்றும். மூடி இறுகச் சாத்தியிருந்தால் நத்தை உயிரோடு இருக்கிறது. கால்கள் எட்டிப் பார்த்தால் துறவி நண்டு குடியேறியிருக்கிறது. இரண்டையும், ஈரம் காயாத மணல் வளையத்தையும் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். உடன் வரும் குழந்தைகளிடமும் இதைக் கடலில் கால் வைக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.